கோயில் சுவரில் விரல் மை

இன்று மலைக்குக் கீழே, கீழ்நாட்டு ஆஸ்பத்திரியில் அத்தையின் உடலை வாங்கக் கையெழுத்துப் போட்ட பிறகும் பெருவிரல் ரேகை வேண்டும் என்றார்கள். மைப்பெட்டியைத் திறந்ததும் வந்த வாசனை, மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்த எங்கள் பழைய பங்குக் கோயிலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் பெஞ்சைப் போட்டு மனுவை விரிப்பார். மலையிலேயே ராத்தங்குகிற டாக்டர் வேண்டும் என்கிற அதே மனுதான், ஒவ்வொரு மாதமும். மிளகு உதிர்த்துச் சொரசொரத்த விரல்கள் வரிசையாக வந்து மையில் அமுங்கும், காகிதத்தில் உருளும், பிறகு எல்லோரும் பழக்கம்போலக் கோயிலின் பின்சுவரில் விரலைத் துடைப்பார்கள், அந்தச் சுண்ணாம்புச் சுவர் இடுப்பு உயரத்துக்கு நீலம் பூத்துக் கிடக்கும், பிள்ளைகள் நாங்கள் அதில் அவரவர் அம்மாவின் விரலைத் தேடுவோம்.

"ஏனுங்கக்கா, கோயில் செவுத்துலயா தொடைக்கிறீங்க?" என்று உபதேசியார் அலுத்துக்கொள்வார்.

"இருக்கட்டுமுங்க. ஆபீசருதான் பாக்க மாட்டேங்கறாரு, ஆண்டவராச்சும் பாக்கட்டும்" என்பாள் அத்தை. கூட்டமே சிரிக்கும்.

அந்தச் சுவரை இடித்து டைல்ஸ் பதித்த கோயில் கட்டிவிட்டார்கள். மனு எழுதுவதும் நின்றுபோயிற்று. ராத்தங்கும் டாக்டர் வரவேயில்லை. நேற்றுச் சாயங்காலம், பகலில் வந்துபோகும் டாக்டரும் கிளம்பிப்போன பிறகு அத்தைக்கு மூச்சுத் திணறியது. ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினோம். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இன்னும் பத்து வளைவு இருக்கும்போது என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

"விரலைச் செவுத்துல தேச்சிராதீங்க" என்றார் ஆஸ்பத்திரி ஊழியர்.

தேய்த்து யாருக்குக் காட்ட? வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.