சைபர் போட்ட ஊர்

பாலிகஞ்ச் தபாலாபீஸில் நேற்று ஒருவர் பார்சலுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய் நின்றேன். அரக்கு வாசனை வந்தால் எனக்கு ஒரு மலை வந்துவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், நான் அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

அப்போது நான் சௌரங்கிப் பக்கம், பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு துரையிடம் குமாஸ்தா. அந்தப் பங்குனியில் வடக்கே மலைகளில் பூமி குலுங்கியது. கல்கத்தாவில் எங்கள் டம்ளர் தண்ணீர்கூட ஆடவில்லை. 'ஜனங்கள் அதிகமில்லாத பிரதேசம்' என்று பத்திரிகைகள் ஆறுதலாக எழுதின.

துரை மலையிலுள்ள தபாலாபீஸ்களுக்கெல்லாம் அச்சடித்த கேள்வித்தாள் அனுப்பினார். கடிகாரம் நின்றதா? விளக்கு எந்தப் பக்கம் ஆடியது? சுவர் விழுந்ததா? பதில்கள் அரக்கு முத்திரையோடு கட்டுக்கட்டாக வந்தன. பிரித்துப் படித்து, குலுக்கலின் கடுமையை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாக, தேசப்படத்தில் அந்தந்த ஊர்மேல் எழுதுவது என் வேலை. பதில் வராத ஊர்களை வெறுமனே விட்டிருந்தேன். தலைமை குமாஸ்தாவான வங்காளி எட்டிப் பார்த்தார்.

"என்ன மொஷாய், எலி கடிச்ச மாதிரி இருக்கு படம்? துரை கேப்பாரு. வராத ஊருக்கெல்லாம் சைபர் போடுங்க."

போட்டேன். கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வட்டம் பிசகாத சைபர்கள்.

என்னோடு அறையில் இருந்தவன் சங்கரலிங்கம். அம்பாசமுத்திரத்துக்காரன், கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அவன் தம்பி அந்த மலையில்தான் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. கொடுத்த தந்தி போகவில்லை, கம்பி அறுந்து கிடந்தது. லீவு வாங்கி, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான்.

"உம்ம படத்துல அவன் ஊருக்கு என்ன போட்டிருக்கு வே?"

"சைபர்."

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். "அந்தப் பய மலை விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான். நான்தான் கெடந்து அடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்தான். அன்றைக்கே அம்மாவுக்கு எழுதிப் போட்டான். நல்ல சேதி சொன்ன சிநேகிதர் நூறு வயசு இருக்கணும் என்று பதில் வந்தது. அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினான். அப்போதும் எனக்கு உறுத்தவில்லை. நானே எழுதியதை நானே நம்பியிருந்தேன். அச்சுக்குப் போகப்போகிற படம் அல்லவா!

அவன் பெட்டியை அவிழ்த்த மூன்றாவது வாரம் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, என் கைவேலையை ரசிக்கத்தான் சற்றுத் தள்ளி நின்றேன். ஒன்பதும் பத்துமாக ஒரு வளையம். நடுவில், ஒரு கைக்குட்டை அகலத்துக்கு, என் சைபர்கள். சுற்றிலும் எல்லாம் இடிந்திருக்க, நடுவில் மட்டும் பூமி தூங்கியிருக்குமா? அன்று வந்த தபால் கட்டுக்குள் மலையடிவாரத்துப் போஸ்ட்மாஸ்டரின் கடிதம் ஒன்று இருந்தது: மேலே தபால் கொண்டுபோக ஆள் இல்லை, மேலிருந்தும் ஒருவரும் இறங்கி வரவில்லை.

சாயங்காலம் சங்கரலிங்கம் குளத்தில் வேட்டி அலசிக்கொண்டிருந்தான். சொன்னேன். வேட்டியைப் பிழியாமலே தோளில் போட்டுக்கொண்டான். தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"மூணு வாரம் வே" என்றான்.

மறுநாள் ஹௌராவில் அவனைப் பஞ்சாப் மெயிலில் ஏற்றிவிட்டேன். அவன் திரும்பி வரவில்லை. அவன் வேட்டி அலசிய குளத்தைத் தூர்த்து மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். துரை படத்தைச் சுருட்டிக்கொண்டு சீமைக்குப் போனார். இப்போது விற்கிற படங்களில் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரே இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து இரண்டு வருஷம் அவன் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இதுதான்:

"அம்மாவுக்கு நீரு ஒண்ணும் எழுதிராதேயும். நான் போய்ப் பாத்துட்டு எழுதுதேன்."