யார் காட்டினாலும் நிறுத்து

கிரேன் ஓட்டுபவரைக் கட்டட வேலையிடத்தில் எல்லோரும் ‘மாடிவீட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அவருடைய பகல் நாற்பது மீட்டர் உயரத்தில், காலை நீட்ட முடியாத ஒரு கண்ணாடி அறையில் கழிகிறது. அதற்கு முன்பு செங்கல் சுமந்துகொண்டிருந்தார். ஒருநாள் அப்போதைய ஆபரேட்டருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுக்க மேலே ஏறினார். ஒற்றை விரல் அசைவில் ரெண்டு டன் இரும்பு எழும்புவதைப் பார்த்தார். சுமந்தால் இனி இங்கே உட்கார்ந்துதான் சுமப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

சிகரெட்டும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஒரு பாரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பேச ஆளில்லை. ஒன்றில் தொடங்கி ஒரு நாளைக்குப் பதினைந்துவரை போனது. பக்கத்து ஜன்னலைப் பாதி திறந்து வைத்துக்கொள்வார். ‘அறைக்குள் புகைக்கக் கூடாது’ என்று உள்ளே ஒட்டியிருந்த தாளே புகையில் மஞ்சளாகிவிட்டது.

கிரேனுக்கு ஏறும் ஏணியில், இடையிடையே நின்றுகொள்ள மொத்தம் பன்னிரண்டு தட்டுகள். ஒரு காலத்தில் ஒரே மூச்சில் ஏறியவர் இப்போது ஐந்து இடங்களில் நின்றார். அந்த வருடத்து உடல் பரிசோதனையில் மருத்துவர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் அதிலிருந்த சிவப்புக் கோட்டுக்குப் பாதித் தூரம்கூட நகரவில்லை.

“மூணு மாசம் தர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா, மேல ஏற நான் கையெழுத்துப் போட மாட்டேன். கீழ வேற வேலை பாத்துக்கங்க.”

இதை மாடிவீட்டுக்காரர் மனைவியிடம் சொல்வதற்கு முன்பே விசிலிடம் சொன்னார். விசில் தரையில் நின்று அவருக்குச் சைகை காட்டுகிறவன். ஒன்பது வருடமாக அவன் கை சொல்கிற இடத்தில்தான் இவருடைய கொக்கி இறங்குகிறது. புகைப்பதிலும் இவருக்குச் சளைத்தவன் இல்லை.

“நீங்க கீழ வந்துட்டா நான் யாரப் பாத்துக் கைய ஆட்டுறது? விட்டுருவோம்ண்ணே. ரெண்டு பேரும் சேந்தே விடுவோம்.”

“உன்னால முடியாதுடா. சோறு தின்னதும் பத்த வைக்கிற ஆளு நீ.”

“நீங்க திங்காமலேயே பத்த வைக்கிற ஆளு.”

ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆசை தலைதூக்கினால் உடனே வாக்கி-டாக்கியில் சொல்லிவிட வேண்டும்.

“விசில், வந்துருச்சு.”

“எம்மாம் பெருசு?”

“யானை.”

“தண்ணி குடிங்க. அஞ்சு நிமிஷம், மணி நான் பாக்குறேன். கேளுங்க, மணல் லாரி ரிவர்ஸ்ல வருது. டிரைவர் பாக்காம வர்றான். பாத்துட்டான். இப்ப எம்மாம்?”

“ஆடு.”

“கோழியானதும் சொல்லுங்க, பாரத்தைத் தூக்கலாம்.”

வாக்கி-டாக்கி வைத்திருந்த எல்லோர் காதிலும் இந்த யானையும் கோழியும் விழுந்தன. கம்பி கட்டும் அக்காவுக்குத் தெரிந்தால் வேலையிடம் முழுக்கத் தெரிந்த மாதிரி. வீட்டில் மனைவி எதுவும் கேட்கவில்லை. துவைக்க எடுக்கும்போது சட்டைப்பையை ஒரு தடவை மோந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

இருபதாவது நாள் காலையில் ஏறும்போது தட்டுகளை எண்ணினார். அன்றைக்கும் ஐந்து இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பத்தொன்பது நாள் பல்லைக் கடித்து என்ன மிச்சம்? கீழே பாரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கி காலியாகத் தொங்கியது. யானை வந்தது.

“விசில், வந்துருச்சு.”

பதில் இல்லை. முந்தின நாள் விசில் தன் வாக்கி-டாக்கியைச் சார்ஜில் போட மறந்திருந்தான். அது இவருக்குத் தெரியாது. அவனும் கைவிட்டுவிட்டான் என்றுதான் தோன்றியது. முதலுதவிப் பெட்டிக்குப் பின்னால் எப்போதோ செருகி வைத்த ஒற்றை சிகரெட்டைக் கை தானாகத் தேடி எடுத்தது. ஜன்னலைப் பாதி திறந்தார்.

கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. ஓட்டுபவர் ஒரே ஆளுடைய சைகைக்குத்தான் கட்டுப்பட வேண்டும், மேலதிகாரியே வந்து கையை ஆட்டினாலும் கண்டுகொள்ளக் கூடாது. ‘நிறுத்து’ மட்டும் விலக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து யார் காட்டினாலும், தெருவில் போகிறவர் காட்டினாலும், அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

லைட்டரை உரசப்போனவர் பழக்கதோஷத்தில் கீழே பார்த்தார். விசில் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். இவருடைய கை லைட்டரைப் போட்டுவிட்டு நெம்புகோலுக்குப் பாய்ந்தது. ஆனால் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லையே, எதை நிறுத்துவது? மறுபடி பார்த்தார். அக்கா கம்பிக்கட்டைப் போட்டுவிட்டுக் கைகளை விரித்தார். மேல்தளத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சர்கள் இருவரும் விரித்தார்கள். மணல் லாரிக்காரர் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினார். புதிதாக வந்த பொறியாளர் பெண்ணுக்கு விஷயம் எதுவும் தெரியாது, எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் விரித்தார்.

பத்தொன்பது நாளாகத் திறக்காத ஜன்னல். தரையிலிருந்து சிகரெட் தெரியாது, ஜன்னல் தெரியும்.

விதி விதிதான். சிகரெட்டை இரண்டாக ஒடித்தார். மேலிருந்து எதையும் கீழே போடக் கூடாது என்பதால் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடினார். ஜன்னலைச் சாத்தினார். நிறுத்தியாயிற்று என்பதற்கு ஹாரனை இரண்டு தடவை அடித்தார். கைகள் இறங்கின.

மதியம் இறங்கி வந்தபோது அக்கா விடவில்லை.

“என்ன மாடிவீட்டுக்காரரே, காத்து வாங்கவா ஜன்னலத் தொறந்தீங்க?”

“ஆமாக்கா.”

“வாங்குனது போதும், போய்ச் சாப்புடுங்க.”

விசில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, உங்களுக்குக் கைய விரிக்க எனக்கு யோக்கியதை இல்ல. நேத்து ஒண்ணு இழுத்துட்டேன். சிமெண்டுக் கொட்டகைக்குப் பின்னால.”

“தெரியும்.”

“எப்படிண்ணே?”

“டேய், நான் உக்காந்திருக்கிறது எங்க?”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன். இனிமே பாக்க மாட்டேன், ஹாரன் அடிப்பேன்.”

சொன்னபடி மூன்று தடவை அடித்தார். ஒவ்வொரு தடவையும் வேலையிடமே திரும்பிக் கொட்டகையைப் பார்க்க, விசில் வெறுங்கையோடு தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தான். நான்காவது தடவைக்கு வேலை வரவில்லை.

மூன்று மாதம் முடிந்து ஊதியபோது முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. மருத்துவர் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதே இடம். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மாடிவீட்டுக்காரர் ஏறினார். எட்டுத் தட்டுவரை கால் நிற்கவில்லை. ஒன்பதாவதில் கம்பியைப் பிடித்து நின்றார். இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

“என்னண்ணே, நின்னுட்டீங்க?”

“நீ கொட்டகைப் பக்கம் போறியான்னு பாக்குறேன்டா.”

கொஞ்சம் மூச்சுக்கும்தான். அதை அவனிடம் சொல்வானேன்? மிச்சம் மூன்று தட்டையும் ஏறிப்போய்க் கதவைத் திறந்தார்.