மாமாவின் ஷெட்டுக்குப் பதினோரு விளக்குகள்

என் பையில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஒன்று எப்போதும் கிடக்கும். உள்ளங்கை அளவில் கருப்பாக ஒரு பெட்டி, அதன் தலையில் வெள்ளையாக ஒரு குமிழ். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, கிடங்கு என்று எங்கே விளக்குப் போடக் கூப்பிட்டாலும் முதல் வேலையாக அதை எடுத்து மேஜைமேல் வைப்பேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்த மாதிரி எதிரே இருப்பவர் பேச்சைக் குறைத்துவிடுவார். எனக்கும் ஒரு மிடுக்கு வந்துவிடும். அந்த மிடுக்கோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, திருவெறும்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரரின் கார் ஷெட்டுக்குள் நுழைந்தேன். "ஷெட்டுல வெளிச்சம் பத்தல மாப்ள, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போ" என்று முதல் நாள் போன் செய்திருந்தார்.

கார் ஷெட் என்று பெயர்தானே தவிர அந்த வீட்டில் கார் என்றைக்கும் இருந்ததில்லை. வீடு கட்டும்போது பிளானில் இருந்தது, கட்டிவிட்டார்கள். மாமா பக்கத்திலிருந்த பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். மற்றவர்கள் செய்து அனுப்பும் இரும்புச் சாமானைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்வது அவர் வேலை. முடி அளவு கீறலைக்கூட வெறும் கண்ணால் பிடித்துவிடுவார் என்று அக்கா எங்கள் வீட்டில் வந்து பெருமை அடித்துக்கொள்வாள். ரிட்டயர் ஆனபிறகு அந்த ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, தெருக்காரர்களின் ஃபேன், மிக்ஸி மோட்டாருக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுத்தார். காலை டிபன் முடித்து உள்ளே போனால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். தொழிற்சாலையை விட்டு வந்த வருத்தம் அவருக்கு அந்த மேஜையில்தான் கரைந்தது. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு ஷெட்டில் ஒரே ஒரு பழைய டியூப் லைட், அதுவும் ஓரங்களில் கருத்துப்போய். மேஜைமேல் மீட்டரை வைத்தேன். நூறு லக்ஸைத் தொடவில்லை. முடி மாதிரி செம்புக் கம்பியை வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு ஐந்நூறாவது வேண்டும். "இந்த வெளிச்சத்துல எப்படி மாமா இவ்வளவு நாள் ஓட்டுனீங்க? லைட்டுதான் குறை. போட்டுட்டாச் சரியாயிடும்" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப லைட்டுதாங்கிற?" என்றார். "லைட்டேதான்" என்றேன். அன்று மதியம் அக்கா வைத்த சுண்டைக்காய் வத்தக்குழம்பை மாமா மூன்றாம் தடவையும் ஊற்றிச் சாப்பிட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெகு சந்தோஷமாக இருந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்கு எல்.இ.டி. பொறுக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆனாலும் அவசரப்பட்டால் ஏமாந்துபோவோம். வெறும் வாட்ஸைப் பார்த்து வாங்கக் கூடாது. மட்டமான விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். செல்போன் கேமராவைக் காட்டினால் திரையில் கோடு கோடாக ஓடும், அப்படி ஓடினால் வேண்டாமென்று வைத்துவிட வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் செம்பும் பித்தளையும் ஒன்றுபோலத் தெரியும், நீலம் பாய்ந்த வெள்ளை தலைவலி கொடுக்கும், இரண்டுக்கும் நடுவில் பகல் வெளுப்பாக இருப்பதுதான் சரி. விளக்கு தலைக்குப் பின்னால் வந்தால் நம் நிழலே வேலைமேல் விழும். இதையெல்லாம் மாமாவுக்குக் காந்தி மார்க்கெட் பக்கத்துக் கடையில் வைத்து ஒரு பிரசங்கமாகவே செய்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மேஜைக்கு நேர்மேலே இரண்டு, வாசல் பக்கம் ஒன்று என்று மூன்று விளக்குகள் மாட்டினோம். மீட்டர் அறுநூறு காட்டியது.

நாலு மாதம் கழித்து மறுபடியும் போன். "நடுவுல நல்லாத்தான் இருக்கு. ஓரம்தான் இருட்டா இருக்கு மாப்ள." போய்ப் பார்த்தேன். ஓரம் அப்படி ஒன்றும் இருட்டாக இல்லை, ஆனால் சுவர் பழைய பச்சை டிஸ்டம்பர். அதுதான் வெளிச்சத்தை விழுங்குகிறது என்று முடிவுகட்டி, வெள்ளை அடிக்கச் சொல்லி, இரண்டு பக்கச் சுவரிலும் இரண்டிரண்டு விளக்கு வைத்தேன். ஸ்க்ரூ கீழே விழுந்தால் தேட முடியவில்லை என்றார். மேஜைக்கு அடியிலும் ஒன்று வைத்தேன். மேஜைக்கடியில் விளக்கு வைத்த ஒர்க்‌ஷாப் திருச்சியிலேயே இது ஒன்றுதான் என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். அதன்பிறகு மூலைகளில் மூன்று. அதற்கப்புறம் கூசுகிறது என்றார். மேலே இருந்த இரண்டையும் கழற்றிவிட்டுப் பால்வெள்ளை மூடி போட்ட பேனல் இரண்டு மாட்டினேன். எனக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டிவிட்டது. "மாமா, ஒண்ணு பத்தலன்னு சொல்லுங்க, இல்ல கூசுதுன்னு சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா எப்படி?" என்றேன். மீட்டரைக் கையில் தூக்கிக் காட்டி, "இது சரியாத்தான் காட்டுது. உங்களுக்குத்தான் பழகல" என்றும் சொன்னேன். அவர் மீட்டரைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பினார். நான் அவருக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். "எங்க நிக்கிற நீ?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அக்காவாவது கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவளுக்கு அது வேறு விதமாகப் பழகிப்போயிருந்தது. காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்தால் தட்டிவிடுகிறார் என்று நேர் எதிரே வைக்க ஆரம்பித்திருந்தாள். மொபெட்டை கேட்டில் இரண்டு தடவை உரசியதற்கு, இந்த வயதில் என்ன அவசரம் என்று திட்டினாள். மாமாவும் வாயைத் திறக்கவில்லை. பெண் கொடுத்த வீட்டாரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எனக்குப் போன் செய்தாலும் விளக்கைப் பற்றித்தான் பேசுவார், தன்னைப் பற்றிப் பேசமாட்டார். நானும் விளக்குக்காரன். கேட்ட கேள்விக்கெல்லாம் என்னிடம் ஒரு விளக்கு இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று அக்காவும் மாமாவும் ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாருமாக அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். காவிரியில் நல்ல தண்ணீர், படியெல்லாம் பெண்கள் கூட்டம். பதினொரு மணி வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைப் பறித்தது. எங்களுக்கு வலப்பக்கம் ஓர் அம்மாள் வாழையிலை போட்டு, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, பழம், காப்பரிசி எல்லாம் பரப்பிப் படைத்துக்கொண்டிருந்தார். மாமா இறங்கிப் போனவர் நேராக அந்த இலைமேலேயே காலை வைத்துவிட்டார். பிள்ளையார் நசுங்கியது. விளக்கு உருண்டு தண்ணீரில் விழுந்தது. அந்த அம்மாள் பதறி எழுந்து, "ஏங்க, இவ்வளவு பெரிசா எல போட்டு வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினார்.

யாரும் யாரையும் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான் அது. பஸ்ஸில் காலை மிதித்தால் கேட்போம். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் மாமாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள், முன்பின் தெரியாத அந்த அம்மாள்தான். மாமா கையைக் கூப்பி, "மன்னிச்சுக்கங்கம்மா, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அந்த அம்மாள் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை, தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். "ஓரமெல்லாம் இருட்டா இருக்கு மாப்ள" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். தலைக்குமேல் ஆடி மாத சூரியன். இதற்குமேல் ஒரு விளக்கை நான் எந்தக் கடையில் போய் வாங்க முடியும்? அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே அக்காவையும் கூட்டிக்கொண்டு மாமாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளி வரும், தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் பக்கத்திலேயே நின்று மாமாவின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெகுநேரம் அசையாமல் கிடந்தது. அப்புறம் ஒரு தடவை அழுத்தினார். மறுபடியும் நெடுநேரம் ஒன்றுமில்லை. பட்டன் வேலை செய்யவில்லையோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், அவ்வளவு மட்டித்தனம் எனக்கு. ரிப்போர்ட்டில் இரண்டு வட்டங்கள் வந்தன. இரண்டும் கன்னங்கரேலென்று, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக.

கண்ணில் பிரஷர் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். வலி இருக்காது, ஓரத்திலிருந்துதான் போகும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும், அதனால் ஆளுக்கே தெரியாது என்றார். "எத்தன நாளா இப்படி இருக்குங்க ஐயா?" என்று கேட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு வருஷமாவே வெளிச்சம் பத்தல சார். நம்ம மாப்ளதான் லைட்டு மாத்தி மாத்திப் போட்டுக் குடுத்தாரு. அவரு இல்லன்னா இத்தன நாளு நான் வேலையே பாத்திருக்க முடியாது" என்றார். என்னைப் பற்றி வெளி ஆளிடம் அவர் இப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நெறையக் காப்பாத்தியிருக்கலாம். போனது இனிமே வராதுங்க. இருக்கறதப் பிடிச்சு வைக்கப் பாப்போம்" என்றார். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிடித்து வைக்கத்தான் பார்த்தார்கள். ஒரு ஆபரேஷன், அப்புறம் மூன்று விதமான சொட்டு மருந்து, கடிகாரம் பார்த்து அக்காதான் விடுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் நடுவில் இருந்த அந்த வெளுப்பு தாக்குப்பிடித்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. இப்போது பகலா இரவா என்பது மட்டும் மாமாவுக்குத் தெரிகிறது. காயில் கட்டுவதை நிறுத்திவிட்டார். வந்த மோட்டார்களை அக்கா ஒவ்வொன்றாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் போயிருந்தேன். மாமா ஷெட்டில்தான் உட்கார்ந்திருந்தார், பழக்கம். மேஜைமேல் ஒன்றும் இல்லை, விரல் மட்டும் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டேன். "என்ன மன்னிச்சுடுங்க மாமா. நான் கவனிச்சிருக்கணும். லைட்டு லைட்டுன்னே இருந்துட்டேன்" என்றேன்.

விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த விரலை அவர் நிறுத்தினார். பிறகு, "எங்கப்பாவுக்கும் கடைசில கண்ணு போயிடுச்சு, உனக்குத் தெரியாதுல்ல? வையம்பட்டில இருந்தப்ப. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. திரியத் தூண்டு, திரியத் தூண்டுன்னு எங்கம்மாகூட தெனம் சண்ட போடுவாரு. எனக்கு வந்தப்ப உடனே அது ஞாபகம் வந்துடுச்சு" என்றார். சொந்தக்காரர் யாருடைய பழைய கதையோ சொல்வது போலத்தான் சொன்னார். "பயமா இருந்துச்சு மாப்ள. மறுநாளு திங்கக்கிழம டாக்டர்கிட்ட போயிடலாம்னுதான் நெனச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி எதுக்கும் உன்ன ஒரு வார்த்த கேட்டுடுவோம்னு கூப்பிட்டேன். நீ வந்து, லைட்டேதான்னு சொன்ன பாரு, அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அன்னிக்குத் தூங்கின மாதிரி நான் தூங்கினதே இல்ல."

அவர் சொன்னதில் என்மேல் ஒரு துளி குறை இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்திருக்கிறார். உள்ளே இருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா கையை நீட்டினார், பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனேன். சாப்பிட்டேன், போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை, பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்றுகூடப் பார்க்காமல், அழுதுகொண்டே வந்தேன்.