சுலோஜனாவின் ஃபேஸர்

தேற்றாத்தீவு சுலோஜனாவுக்கு முப்பத்தொன்பது வயது. பகலில் மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. விழாக் காலங்களில் நல்லரத்தினத்தின் இசைக்குழுவில் கிற்றார். குழுவில் சேர்ந்து பதினொரு வருடம். அதில் ஒன்பது வருடமாக அவளுக்கும் அவருக்கும் ஆகாது.

பாட்டின் நடுவே கிற்றார் தனியாக வாசிக்க வேண்டிய இடங்களையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் தன் கீபோட்டுக்கு எடுத்துக்கொண்டார். கேட்டால், "பொம்புளப் புள்ள தாளத்துக்கு அடிச்சாக் காணும்" என்பார். அவளும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை அவர் மேடையில் தவறான கட்டையை அழுத்தியபோது மைக்கில் விழும்படி சிரித்தாள்.

கட்டாரில் இருந்த கணவன் லீவில் வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டான். ஃபேஸர் பெடல் என்றாள். கையளவு பச்சை இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் கிற்றாரின் சத்தம் மெல்ல விரிந்து சுருங்கிச் சுழலும். நல்லரத்தினத்தின் பழைய கீபோட்டில் அந்தச் சத்தம் வராது. அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டு கிழமை அதோடு மல்லுக்கட்டினாள். வீட்டில் கிடந்த அடப்டரைச் செருகப்போய், கூட்டல் கழித்தல் முனைகள் மாறியிருப்பதைக் கண்டு கையை இழுத்தாள். ஒன்பது வோல்ட், நடுமுனை கழித்தல்; அதற்கென்று வேறொன்று வாங்கினாள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலுக்கு முன்னால் ஃபேஸரை வைத்தபோது சுழற்சி கரகரப்புக்குள் அமுங்கியது. பின்னால் மாற்றினாள், சத்தம் திறந்துகொண்டது. வேகக் குமிழைக் கூட்டினால் விக்கல் எடுத்தது. நன்றாகக் குறைத்து, சரியான இடத்தில் நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்தாள்.

ஒத்திகையில் நல்லரத்தினம் முகத்தைச் சுளித்தார்.

"என்னகா இது, தண்ணிக்குள்ள முக்கி எடுத்த மாதிரி. கழட்டி வை."

"கழட்ட ஏலா. இந்தப் பாட்டுக்கு இதுதான் சரி."

"குழு என்ட."

"கிற்றார் என்ட."

பாடகர் ஜெயந்தன் தண்ணீர் குடிப்பதுபோல் வெளியே போய்விட்டார்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் கச்சேரி பிற்பகல் மூன்று மணிக்கு. வழுக்குமரம் ஏறும் போட்டி முடிந்து சனம் மேடைப்பக்கம் வந்தது. மூன்றாம் பாட்டில் சுலோஜனா பெடலை மிதித்தாள். அவளுக்குப் பின்னாலிருந்த சிறிய அம்ப்ளிஃபயரில் சத்தம் சுழன்றது. மைதானத்துப் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ்களில் கிற்றாரின் சத்தமே இல்லை. பாட்டு முடிந்ததும் இறங்கி, ஒலி மிக்ஸரில் நின்ற ஏறாவூர் இர்ஷாத்திடம் போனாள்.

"என்ட லைனை மூடினீங்களா?"

அவன் நிமிரவில்லை. "அவர்தான் சொன்ன, அக்கா. நீங்க பெடலை மிதிச்சா மூடு, விட்டாத் திற எண்டு. எனக்கு வேல தாறது அவர்."

அவள் மேடையேறினாள். அம்ப்ளிஃபயரைக் காலால் தள்ளிச் சனத்தின் பக்கம் திருப்பி, சத்தத்தை முழுவதும் கூட்டினாள். அடுத்த பாட்டில் தனி வாசிப்பு வந்த இடத்தில் அவளும் நல்லரத்தினமும் ஒன்றாக நுழைந்தார்கள். அவர் கீபோட்டைக் கூட்டினார், அவள் விடவில்லை. ஜெயந்தன் திரும்பப் பாட வேண்டிய இடம் தாண்டிப் போனது. டிரம்மும் நின்றது. இவர்கள் இருவரும் மட்டும் ஒருவரையொருவர் முறைத்தபடி வாசித்தார்கள். கைதட்டிய சனம், இது சண்டை என்று விளங்கியதும் அடங்கியது. விழாவை நடத்திய விளையாட்டுக் கழகத்தின் தலைவர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

"இனி என்ட மேடையில உனக்கு இடமில்ல" என்றார் நல்லரத்தினம்.

"நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டன்."

அவள் வயர்களைச் சுற்றி எடுத்தாள். ஜெயந்தனை நடுமேடையில் அப்படி நிற்கவைத்தது மட்டும் உறுத்தியது.

அவள் சண்டைக்காரி என்று நல்லரத்தினம் எல்லாக் குழுக்களிடமும் சொல்லிவைத்தார். எட்டு மாதம் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. மார்கழியில் ஜெயந்தன் வந்தார். அவரும் விலகி, களுவாஞ்சிக்குடியில் வேறு குழு தொடங்கியிருந்தார்.

"எங்களோட வாசிக்க வாங்க. ஒண்டுதான், மேடையில சண்டை பிடிக்கப்படாது."

"அவர் இல்லாட்டிப் பிடிக்கமாட்டன்."

அடுத்து வந்த தைப்பொங்கலுக்கு இரண்டு குழுக்களுக்கும் ஒரே மேடை. தன் குழுவின் கச்சேரி முடிந்து, மேடைப் படியில் அவள் பெடல்களைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது நல்லரத்தினம் மேலே ஏற வந்தார்.

"அந்தப் பெட்டி இன்னும் பழுதாகல்லையா?"

"இல்ல."

வழிவிடுவாள் என்று கொஞ்ச நேரம் நின்றார். அவள் அசையவில்லை. கீபோட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மேடையைச் சுற்றி மறுபக்கத்தால் ஏறினார்.