நான் வாங்கிக் கொடுத்த ஒண்ணாம் வகுப்பு

தொண்ணூறுகளில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்காகப் பேசும் ஒரு சின்னக் குழுவில் நானும் இருந்தேன். ஆபீசில் மேனேஜர் முன்னால் வாய் திறக்காதவன், சனிக்கிழமையானால் பெங்களூர் ஒக்கலிபுரம் பள்ளிகளில் போய்ச் சண்டை போடுவேன். அங்கே யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது.

அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. திருவண்ணாமலைப் பக்கம் தமிழில் ஐந்தாவது வரை படித்தவள். இங்கே வந்த பிறகு இரண்டு வருஷமாக அம்மாவோடு உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். டி.சி. இல்லை என்று பள்ளியில் சேர்க்கவில்லை. நான் போய் ஒரு மணி நேரம் கன்னடத்தில் வாதாடினேன். கன்னட எழுத்தே தெரியாதவளை ஒண்ணாம் வகுப்பில்தான் போடமுடியும் என்றார் தலைமையாசிரியை. எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று அவசரமாகத் தலையாட்டினேன். பக்கத்தில் நின்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்து எல்லோருக்கும் மசாலா தோசை வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்தவன் நான்தானே.

மூன்றாவது வாரம் போனால், அவள் வீட்டில் ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒண்ணாங் கிளாஸ் அவ்ளோ கஷ்டமா?" என்றேன். அம்மாவும் சிரிக்கவில்லை, மகளும் சிரிக்கவில்லை.

"பொடிசுங்களுக்கு மூக்குத் தொடைச்சு, ஒண்ணுக்குக் கூட்டினு போனேன் சார். கிளாஸ் பெருக்கினேன். எல்லாம் என்னை ஆயான்னுதான் கூப்புடுதுங்க."

அந்தச் சமயம் அல்சூரில் ஒரு முகாம் தொடங்கியிருந்தார்கள். சில மாதம் தங்கவைத்துக் கன்னடம் சொல்லிக் கொடுத்து, நேராக ஏழாவதில் சேர்ப்பார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள். இவள் பெயர்தான் ஒண்ணாம் வகுப்பில் இருக்கிறதே.

பெயரை எடுத்துத் தரச் சொல்லிப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அதன்படி அவள் ஒருநாள்கூட லீவு போடவில்லை. எண்ணிக்கை குறைந்தால் ஒரு டீச்சர் வேலை போய்விடும், வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்றார். சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போட்டதே நீங்கள்தானே என்றும் கேட்டார்.

அதற்குள் முகாமில் இடம் நிரம்பிவிட்டது. அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ நான் இப்பவும் ஸ்கூல்லதான் இருக்கேனா சார்?"

"ஆமாம்மா" என்றேன்.