பசைக்குள் தெரிந்த வளையம்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பிய நாங்கள், அப்பாவின் பழைய மாடிவீட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். நாங்கள் இல்லாத காலத்தில் குடியிருந்தவர்கள் மாடியின் பலகைத் தரையில் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அவற்றைப் பெயர்த்துவிட்டு, இறுகிக் கிடந்த பசையைச் சூடுகாற்று மெஷினால் இளக்கி உளியால் சுரண்டினேன். திடீரென்று உளி 'ணங்' என்றது. பசைக்குள் வட்டமான இரும்பு விளிம்பு தெரிந்தது.

வெடிக்காத செல் குண்டோ, கண்ணிவெடியோ! இவ்வளவு நேரமும் அதற்கா சூடு காட்டினேன்? மெஷினை நிறுத்தினேன்.

கீழிருந்து மனைவி, "தேத்தண்ணி கொண்டு வரட்டோ?" என்றாள்.

"மேல வராதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போ."

அவள் ஏனென்று கேட்கவில்லை. நானும் மெல்ல இறங்கிப் பொலிசுக்கு அறிவித்தேன்.

குண்டு அகற்றும் ஆமிக்காரர் வந்து சுரண்டிப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பு கீழிருந்து ஏணியால் ஏறிவந்த தரைவாசலின் மூடியைத் தூக்கும் கைப்பிடி வளையம் அது!

சொல்வதற்காக றோட்டுக்கு ஓடினேன். மனைவியின் இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு பை. அதற்குள் அடையாள அட்டைகள், பிறப்புப் பத்திரங்கள், பால்மா, பிள்ளையின் மாற்றுடுப்பு. குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும் பை. சந்தைப் பை என்றே நினைத்திருந்தேன்.

தரை வேலை முடிந்ததும், இனி எங்கும் ஓடத் தேவையில்லை என்று அந்த ஆணியைப் பிடுங்கச் சுத்தியலோடு போனேன். மனம் வரவில்லை. இன்னும் ஆழமாக அடித்துவிட்டு வந்தேன்.