ஆடியில் குடி மாறாத வெப்சைட்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான், மெதுவாக. ஆனாலும் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டில் நான்கு அறைகளை ஊருக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்கிறேன். அந்த அறைகளுக்கு ஒரு வெப்சைட் உண்டு. என் மகன் வைத்தது. ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை முடிந்து வந்து அவன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறான்.

அறை பிடித்துத் தரும் ஆப்புகளும் இருக்கின்றன. துண்டைச் சுருட்டிக்கொண்டு போகிறவன், குழாயை மூடத் தெரியாதவன் எல்லாம் அதன் வழியாக வருவான். வெப்சைட்டைப் பார்த்து வருகிறவர்கள் வேறு. பிரான்சுக்குப் போய்விட்ட நம்மூர்க் குடும்பங்கள். டிசம்பர் விடுமுறைக்கு வருவதற்கு ஆடி ஆவணியிலேயே எழுதிவிடுவார்கள். எனக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது அவர்கள்தான். எழுதிப் பதில் வரவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள்.

போன ஆனி மாதம் மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வெப்சைட்டும் யாரோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்குத்தான் குடியிருக்கிறதாம். கெடு முடிகிறதாம். இனிமேல் மூன்று மடங்கு வாடகையாம்.

"ஏன்டா, நம்ம வெப்சைட்டு என்னா பெருத்துப்போச்சா? அதே நாலு ரூமு, அதே போட்டோதானே?"

"மொதல்ல ஆஃபர்ல குடுத்தாங்கம்மா. இப்போ இதான் அவுங்க ரேட்டு."

"புதுசா வரவனுக்கு ஆஃபரு, பழகின ஆளுக்கு ரேட்டா? நல்ல கம்பெனிடா."

"நீ மட்டும் டிசம்பர் முப்பத்தொண்ணுக்கு டபுளா வாங்கல?"

"அது குடிச்சிட்டு ஆட வரவன்கிட்ட. வருஷா வருஷம் வர குடும்பத்துகிட்ட வாங்கியிருக்கேனா?"

அவ்வளவு வாடகை கொடுக்க அவனுக்கும் மனசில்லை. ஆனால் மாறவும் பயம். வெப்சைட் படுத்துவிடும், வருகிற மெயில் தொலைந்துவிடும் என்று அடுக்கினான். என் வயிற்றில் பிறந்துவிட்டு ஒரு குடி மாறப் பயப்படுகிறவனை என்ன சொல்ல?

பயந்து பயந்து ஒரு புதுக் கம்பெனியைப் பிடித்தான். வாடகை குறைவு. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில குடி மாறக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

"எம்மா, அது என்னா வீடா? வெப்சைட்டும்மா!"

"வாடகை குடுக்குறமா இல்லியா?"

"குடுக்குறோம்."

"அப்போ வீடுதான்."

படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் மகனும் சிரித்துக்கொண்டேதான் புதுக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னான். அங்கே பேசிய பெண் சிரிக்கவில்லை. "ஆடி முடியட்டும் சார், நெறைய பேரு அப்படித்தான் கேக்குறாங்க" என்றாள். பழைய இடத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாடகை கட்டினோம். மாதக் கணக்கு என்றால் அதற்கும் ஒரு கொள்ளை.

ஆவணி பிறக்கும் நேரத்தில் நாங்கள் காலி செய்யப்போவது பழைய கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெண் போன் செய்தாள். அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசாத கம்பெனி.

"அம்மா, உங்களுக்காகப் பழைய ரேட்டுக்கே தரோம். நீங்க எங்க லாயல் கஸ்டமர்."

"அந்த ரேட்ட இத்தினி நாளு எங்க பாப்பா ஒளிச்சி வச்சிருந்தீங்க? மூட்டை கட்டுனப்புறம்தான் நான் லாயலா தெரியுறனா?"

மகன் பக்கத்தில் நின்று ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று கையை ஆட்டினான். அதே வாடகை, இருந்த இடம், எதுவும் தொலையாது. எனக்கும் புரிந்தது. புரியாமல் இல்லை. ஆனால் கேட்காதவனிடம் மூன்று மடங்கு வாங்கி, கிளம்புகிறவன் காலைப் பிடிக்கிற ஆளோடு எனக்கு என்ன பேச்சு? வேண்டாம் என்று சொல்லி மகன் கையில் போனைக் கொடுத்துவிட்டேன்.

"வீம்பும்மா உனக்கு," என்றான்.

"இருக்கட்டும்டா. உனக்கு அதுவும் இல்லியே."

ஆவணியில் நல்ல நாள் பார்த்து மாறினோம். காலையில் படுத்த வெப்சைட் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தது. அந்தச் சமயத்தில் வந்த மெயில்கள் மட்டும் பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் நடுவில் எங்கோ போய்விட்டன. பிரான்சிலிருந்து எழுத வேண்டியவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஒரு குடும்பத்தைத் தவிர. அவர்கள் பிள்ளைகள் தவழ்ந்து பழகியது என் வீட்டு மாடி அறையில்தான். மகனைப் போன் செய்யச் சொன்னேன்.

எழுதினார்களாம். பதில் இல்லையாம். நான் அறை விடுவதையே நிறுத்திவிட்டேன் என்று நினைத்து, அடுத்த தெருவில் பிடித்துவிட்டார்களாம்.

அந்த அடுத்த தெரு வீட்டில் குளிக்கிற தண்ணீர் உப்பு. வந்து குளித்துப் பார்த்தால் தெரியும். டிசம்பருக்கு மாடி அறையை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.